காணா ஒளியைக் கண்டவர்

மக்கள் உடம்பில் தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது தசைநார். குதிகாலின் பின்புறத்தே விரலால் தொட்டால் கயிறுபோல் விறைத்து நிற்கும் நாணே தசைநாண்களுள் மிகப் பெரியது. நடக்கும்போதும் ஓடும்போதும் உடம்பின் பாரத்தைத் தாங்கும் இவ்வெண்ணிறக் கயிறுகள் நைந்தனவா, அறுந்து மீண்டும் ஒட்டினவா, ஒட்டிய இடத்து இழைகள் ஒழுங்காக அமைந்தனவா என்பவற்றைக் கண்ணால் மட்டும் நோக்கி அறிதல் அரிது. இந்நாளில் அறிஞர் அவற்றின்மீது ஒருவகை ஒளியைச் செலுத்தி, உள்ளமைப்பை ஆராய்கின்றனர். அவ்வொளி கண்ணுக்குப் புலனாவதன்று. அகச்சிவப்பு ஒளி என்பது அதன் பெயர். அஃது உலகினர்க்குத் தெரியவந்த ஆண்டு 1800. அதனைக் கண்டறிந்தவர் மருத்துவரும் அல்லர். கல்லூரியிற் பயின்று பட்டம் பெற்றவரும் அல்லர். இசை கற்பித்து வாழ்க்கை நடத்தி, நடுவயதில் வானை நோக்கத் தொடங்கிய வில்லியம் ஹெர்செல் என்பவரே அவர்.

ஹெர்செல், ஜெர்மனி நாட்டு ஹானோவர் நகரில் 1738-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஐசக், படைப்பிரிவின் இசைக்குழுவில் ஓபோ என்னும் கருவியை வாசித்தவர். நம் நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதப்படும் குழல் அது. வருவாய் சிறிது, மக்கள் பலர். எனினும் தம் மைந்தர்க்கு இசையைத் தாமே கற்பித்தார். இரவு உணவிற்குப் பின் வானநூல் பற்றியும் தத்துவம் பற்றியும் அவர்களோடு உரையாடுவார். வில்லியம் தமது பதினான்காம் அகவையில் அதே இசைக்குழுவிற் சேர்ந்தார்.

அக்காலத்தில் ஹானோவருக்கும் இங்கிலாந்திற்கும் அரசர் ஒருவரே. 1757-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை ஹானோவரின்மேல் வந்தது. ஹாஸ்டன்பெக் என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் ஹானோவர்ப் படை தோற்றது. மகன் உயிர்பிழைத்தால் போதும் என்று எண்ணிய தந்தையார், அவரை இங்கிலாந்திற்கு அனுப்பிவிட்டார். ஹெர்செல் படையை விட்டு ஓடியவர் என்று பிற்காலத்தார் சிலர் எழுதினர். அது பொருந்தாது. அவர் படைவீரராக உறுதிமொழி எடுத்தவர் அல்லர்; முறையான விடுதலைச் சீட்டும் 1762-இல் அவர்க்கு வழங்கப்பட்டது.

இலண்டனில் இசைச் சுவடிகளைப் படியெடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தார். பின்னர் வடபுலத்து ஊர்கள் பலவற்றிலும் இசை கற்பித்தார். தாமே இருபத்து நான்கு பெரிய இசையமைப்புகளை இயற்றினார். 1766-இல் பாத் என்னும் நகரின் புதிய கோயிலொன்றில் ஆர்கன் வாசிக்கும் பதவி கிடைத்தது. ஓரளவு வளமும் வந்தது.

ஹானோவரில் அவர் தங்கை கரோலின் அடுப்படியில் உழன்றுகொண்டிருந்தார். பத்தாம் அகவையிற் கண்ட கொடுங்காய்ச்சல் அவருடைய வளர்ச்சியை நிறுத்திவிட்டது. உயரம் நான்கடிக்குச் சிறிதே மிகுதி. இவளை மணப்பார் இலர், வீட்டுவேலைக்கே இவள் ஏற்றவள் என்பது தாயாரின் கருத்து. மிகுதியாகக் கற்பித்தால் வேலை கெடும் என்றும் அவர் அஞ்சினார். ஹெர்செல் 1772-இல் ஹானோவர் சென்று, தங்கையின் வேலைக்கு ஈடாக ஒரு பணிப்பெண்ணை அமர்த்திக்கொள்ள ஆண்டுதோறும் பொருள் தருவதாக ஒப்புக்கொண்டு, கரோலினை மீட்டுவந்தார். இவ்வொரு செயல் வானநூலுக்கு எத்துணைப் பயன் விளைத்தது என்பதை அன்று அவரும் அறியார்.

இசையின் இலக்கணத்தை ஆராயப் புகுந்த ஹெர்செல், ஸ்மித் என்பார் இயற்றிய இசைநூலைக் கற்றார். அவரே இயற்றிய ஒளிநூலை அடுத்துக் கற்றார். ஒளிநூல் தொலைநோக்கியினிடத்து ஆசையை மூட்டியது. நல்ல தொலைநோக்கியை விலைக்கு வாங்க அவரிடம் பொருள் இல்லை. ஆகவே தாமே செய்யத் துணிந்தார். செம்பையும் வெள்ளீயத்தையும் கலந்து உருக்கி வார்த்து, அவ்வட்டத்தைக் குழிவாகத் தேய்த்து மெருகேற்றினால் அதுவே ஆடி. வீட்டின் நடுக்கூடத்தில் தச்சர் குழாய் செய்தார். படுக்கையறையில் கடைசல் எந்திரம் சுழன்றது. மெருகேற்றும்போது இடையிற் கையை எடுத்தால் ஆடியின் வடிவு கெட்டுவிடும். ஒருமுறை பதினாறு மணி நேரம் அவர் கையை எடுக்கவில்லை. கரோலின் அருகிருந்து உணவைச் சிறுசிறு கவளமாக ஊட்டினார். களைப்புத் தெரியாதிருக்கக் கதைகளைப் படித்துக் காட்டினார். 1781-இல் பெரிய ஆடியொன்றை வார்த்தபோது உருகிய உலோகம் கசிந்து தரையில் ஓடிற்று. சூட்டில் கற்பலகைகள் வெடித்து நாற்புறமும் சிதறின. தமையனும் தம்பியும் தொழிலாளரும் ஓடி உயிர் தப்பினர்.

அவ்வாண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள் இரவு, தம் வீட்டுத் தோட்டத்தில் ஏழடித் தொலைநோக்கியால் மிதுன இராசியின் பக்கத்தே விண்மீன்களை ஒவ்வொன்றாக நோக்கி வந்தவர், ஒன்று மட்டும் வட்டமாகப் பருத்திருத்தலைக் கண்டார். வால்மீன் என்றே எண்ணினார். அதன் பாதையைக் கணித்த பிறர், அது சனிக்கும் அப்பால் ஞாயிற்றைச் சுற்றும் கோள் என்று உறுதிசெய்தனர். அதுவே யுரேனஸ். பழங்காலந்தொட்டு மக்கள் வெறுங்கண்ணால் அறிந்த கோள்களுக்கு மேலாக ஒருவர் புதிதாகக் கண்ட முதற்கோள் அதுதான். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஆண்டுக்கு 200 பவுன் உதவித்தொகை வழங்கினார். இசையால் வந்த வருவாயினும் அது குறைவு. எனினும் ஹெர்செல் இசைத்தொழிலைக் கைவிட்டு, மன்னரின் விண்ட்சர் மாளிகைக்கு அண்மையிலுள்ள டாட்செட் என்னும் ஊரிற் குடியேறினார்.

டாட்செட்டில் அண்ணனும் தங்கையும் பட்ட பாடு பெரிது. மேகமற்ற இரவு ஒன்றையும் அவர்கள் உறக்கத்திற் கழித்ததில்லை. தமையனார் தொலைநோக்கியருகே நின்று கண்டதை உரக்கக் கூற, தங்கையார் அதனை ஏட்டிற் குறிப்பார். குளிர்காலத்தில் மைக்கூட்டில் மை உறைந்துபோவதும் உண்டு. 1783-ஆம் ஆண்டின் இறுதி நாளன்று, தரையெங்கும் பனி உருகிக் கிடந்த இருளில், கருவியைத் திருப்புவதற்காகக் கரோலின் விரைந்து ஓடினார். கால் வழுக்கிற்று. கருவியைத் தாங்கும் சட்டத்தில் இறைச்சிக் கடைக்காரர் மாட்டும் கொக்கி போன்ற பெரிய இரும்புக் கொக்கி இருந்தது. அது முழங்காலுக்கு ஆறங்குலம் மேலே அவருடைய வலக்காலிற் பாய்ந்தது. தமையனார் அதை அறியாது, கருவியைத் திருப்பும்படி மேலிருந்து கூவிக்கொண்டிருந்தார். பணியாட்கள் வந்து தூக்கியபோது ஏறத்தாழ இரண்டு அவுன்சு தசை கொக்கியிலேயே தங்கிவிட்டது. புண்ணுக்கு மருந்திட்டவர் முதலிற் கரோலினே. காயம் ஆறாது துன்புறுத்தியபின் வந்த மருத்துவர், போர்க்களத்து வீரனுக்கு இத்தகைய புண் ஏற்பட்டிருப்பின் ஆறு வாரம் மருத்துவமனையிற் கிடத்தியிருப்பர் என்று கூறினாராம். அன்றிரவு பின்னர் மேகம் சூழ்ந்துவிட்டமையால் தமையனாரின் வேலைக்கு இழப்பில்லை என்பதே கரோலினுக்கு ஆறுதலாயிருந்தது. அத்தொடையின் உள்ளே எந்தத் தசை அறுந்தது, எந்த நாண் பிழைத்தது என்று காண அன்றைய மருத்துவரிடம் வழி ஏதுமில்லை.

1786-இல் ஸ்லோ என்னும் ஊருக்கு மாறினர். அங்கு ஹெர்செல் நாற்பதடி நீளமுள்ள தொலைநோக்கியை நிறுவினார். அதன் ஆடி நான்கடி அகலமுள்ளது. 1789-இல் முற்றுப்பெற்ற அக்கருவியைக் காண அரசரும் வெளிநாட்டாரும் திரண்டு வந்தனர். உண்மையைக் கூறின், அது புகழுக்குப் பயன்பட்ட அளவிற்கு வேலைக்குப் பயன்படவில்லை. இருபதடிக் கருவியே அவர்க்கு உற்ற துணை. அதனைக்கொண்டே 2,500 ஒண்முகில்களையும் விண்மீன் கூட்டங்களையும் பட்டியலிட்டார். கரோலினும் தம் சிறு கருவியால் எட்டு வால்மீன்களைக் கண்டு, 1787 முதல் ஆண்டுக்கு 50 பவுன் அரசூதியம் பெற்றார்.

இனி 1800-ஆம் ஆண்டிற்கு வருவோம். ஹெர்செலுக்கு அப்போது அகவை 61. ஞாயிற்றின் கரும்புள்ளிகளை ஆராய வேண்டி, கண் கெடாதிருக்கத் தொலைநோக்கியில் வண்ணக் கண்ணாடிகளைப் பொருத்திப் பார்த்தார். அப்போது ஒரு புதுமை தோன்றியது. சில கண்ணாடிகளின் வழியே ஒளி மிகக் குறைவாக வந்தும் கண்ணிற் சூடு உறைத்தது. வேறு சிலவற்றின் வழியே ஒளி மிகுதியாக வந்தும் சூடு தெரியவில்லை. ஒளி கூடினால் வெப்பமும் கூடும் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். நிறந்தோறும் வெப்பம் வேறுபடுமோ என்று ஹெர்செல் ஐயுற்றார். பிறராயின் நல்ல கண்ணாடி ஒன்றைத் தேர்ந்துகொண்டு கரும்புள்ளிகளிடமே திரும்பியிருப்பர்.

சாளரத்தில் முப்பட்டகக் கண்ணாடியைப் பொருத்தி, ஞாயிற்றின் கதிரை ஊதா முதல் சிவப்பு ஈறாக நிறமாலையாக விரித்து மேசைமேல் வீழச் செய்தார். அட்டையில் ஒரு பிளவு வெட்டி, ஒருநேரத்தில் ஒரு நிறமே அதனூடு செல்ல விடுத்தார். வெப்பத்தை நன்கு ஏற்பதற்காகக் குமிழில் கருமை பூசிய வெப்பமானியை அந்நிறத்தில் வைத்தார். அறையின் வெப்பநிலை மாறினால் அதனை அறிதற்பொருட்டு, வேறு வெப்பமானிகளை நிறமாலைக்கு வெளியே பக்கத்தில் வைத்தார். ஊதாவில் பாரன்ஹீட் அளவையில் சராசரி 2 பாகையும், பச்சையில் 3 பாகைக்குச் சிறிது மேலும், சிவப்பில் ஏறத்தாழ 7 பாகையும் ஏறின. நம் கண்ணுக்கு மிகுதியாக ஒளிர்வது நடுவிலுள்ள மஞ்சளும் பச்சையுமே. வெப்பமோ நடுவில் உச்சியடையாமல், சிவப்பை நோக்கி ஏறிக்கொண்டே சென்றது.

சிவப்பிற்கு அப்பால் வைத்திருந்த வெப்பமானி தற்செயலாக ஏறியது, அதனால் இக்கண்டுபிடிப்பு நேர்ந்தது என்று பல நூல்களிற் கதை வழங்குகிறது. அவர் எழுதிய கட்டுரைகளைப் பார்த்தால் அங்ஙனம் தோன்றவில்லை. வெப்பத்தின் உச்சி, கண்ணுக்குத் தெரியும் எல்லையைச் சிறிது கடந்தும் இருக்கலாம் என்று மார்ச்சுத் திங்களில் இராயல் கழகத்திற்கு அனுப்பிய முதற்கட்டுரையிலேயே அவர் கருதியிருந்தார். அதன் பின்னரே வேண்டுமென்று வெப்பமானியை இருளில் வைத்தார். கோடிட்ட வெண்தாளை மேசைமேல் பரப்பி, சிவப்பு முடியுமிடத்திலிருந்து அரை அங்குலம் அப்பால், ஒளி ஒரு சிறிதும் இல்லாத இடத்தில் வெப்பமானியை நிறுத்திப் பத்து நிமிடம் பொறுத்திருந்தார். அது 6 பாகைக்கு மேல் ஏறியது. ஒன்றரை அங்குலத்திற்கு அப்பாலும் 3 பாகை அளவு ஏறியது. ஊதாவின் மறுபுறத்தில் வைத்தபோதோ ஏற்றமே இல்லை. கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஞாயிற்றிலிருந்து வருகின்றன. அவையும் முப்பட்டகத்தில் வளைகின்றன. ஆனால் சிவப்பினும் குறைவாக வளைகின்றன. இதுவே ஏப்ரலில் அவர் வெளியிட்ட முடிவு.

அகச்சிவப்பு என்னும் பெயர் பிற்காலத்தது. அவர் காணாக் கதிர், வெப்பக் கதிர் என்றே குறித்தார். ஈழத்துத் தமிழ் நூல்கள் இதனைச் செந்நிறக்கீழ்க் கதிர் என்று வழங்கும். அதிர்வெண்ணில் சிவப்பிற்குக் கீழ்ப்பட்டது என்னும் பொருளை அப்பெயர் இன்னும் தெளிவாகத் தருகிறது.

ஹெர்செல் அத்துடன் நிற்கவில்லை. மெழுகுத்திரி, அடுப்புத் தீ, செந்நிறமாகக் காய்ச்சிய இரும்பு, ஒளியின்றிச் சூடு மட்டும் வீசும் கணப்பு ஆகியவற்றின் கதிர்களையும் ஆராய்ந்தார். அவையும் ஆடியிற் பட்டுத் திரும்பின. வில்லையில் வளைந்து குவிந்தன. ஒளிக்குரிய நடையெல்லாம் இவற்றிற்கும் இருந்தது. ஆகவே ஒளியும் வெப்பக் கதிரும் ஒரே இனம், கண் அவற்றுள் ஒரு பகுதியையே காண்கிறது என்று முதலில் அவர் கருதினார். அக்கருத்தே சரியானது. ஆனால் பல பொருள்களின் வழியே ஒளி எவ்வளவு செல்கிறது, வெப்பம் எவ்வளவு செல்கிறது என்று தொடர்ந்து அளந்தபோது இரண்டும் ஒத்துவரவில்லை. நிறமாலையில் ஒளியின் ஏற்றத்தாழ்வை ஒரு வளைகோடாகவும் வெப்பத்தின் ஏற்றத்தாழ்வை மற்றொரு வளைகோடாகவும் வரைந்தார். இரண்டின் உச்சியும் வெவ்வேறிடத்தில் நின்றன. தாம் விரும்பிய கருத்தைக் காப்பாற்ற அளவுகளைத் திருத்தாமல், ஆண்டிறுதிக்குள் கருத்தையே மாற்றிக்கொண்டார். ஒளி வேறு, வெப்பக் கதிர் வேறு என்றார். அளவுகள் பிழையற்றவை, முடிவு பிழைபட்டது. கண் ஒவ்வொரு நிறத்தையும் ஒரே திறத்தோடு உணர்வதில்லை என்பதும், கண்ணாடி முப்பட்டகம் சிவப்புப் பக்கத்தை நெருக்கியும் ஊதாப் பக்கத்தை அகற்றியும் விரிப்பதால் உச்சியின் இடம் மாறும் என்பதும் பின்னரே தெளிந்தன.

ஜான் லெஸ்லி என்னும் அறிஞர், சிவப்பிற்கு அப்பால் வெப்பமே இல்லை என்று கூறி ஹெர்செலைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். ஹென்றி எங்கில்பீல்டு என்பவர் மீண்டும் சோதித்து, ஹெர்செல் கண்டது மெய்யே என்று நிறுவினார். ஒளியும் வெப்பக் கதிரும் ஓரினமே என்னும் கருத்தை 1835-இல் பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் வலியுறுத்தினார். ஹெர்செல் முதலிற் கைக்கொண்டு பின்னர்க் கைவிட்ட கருத்தே இவ்வாறு மீண்டது.

ஞாயிற்றின் ஒளிமிக்க மேகங்களுக்கு அடியில் குளிர்ந்த நிலமும் அதில் வாழ்வோரும் உண்டு என்று இம்மேதை நம்பியிருந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. கரும்புள்ளிகளுக்கும் கோதுமை விலைக்கும் தொடர்பு உண்டு என்று 1801-இல் எழுதி நகைப்பிற்கும் ஆளானார்.

1822-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25-ஆம் நாள் ஹெர்செல் ஸ்லோவில் காலமானார். யுரேனஸ் ஞாயிற்றை ஒருமுறை சுற்ற 84 ஆண்டுகள் ஆகும். அவர் வாழ்நாளும் அதற்கு மூன்று திங்களே குறைந்தது. கரோலின் ஹானோவருக்குத் திரும்பி, தமையனாரின் ஒண்முகிற் பட்டியலை வான்முறைப்படி ஒழுங்குபடுத்தி, அதற்காக 1828-இல் இலண்டன் வானநூற் கழகத்தின் பொற்பதக்கம் பெற்றார். 1848-இல் மறைந்தபோது அவர்க்கு அகவை 97.

ஹெர்செலின் மகன் ஜான், 1840-இல் கரிய தாளைச் சாராயத்தில் நனைத்து, காணாக் கதிர்கள் விழும் இடத்திற் பிடித்தார். தாள் ஒரே சீராக உலரவில்லை. இடையிடையே ஈரம் நின்றது. அவ்விடங்களுக்குரிய கதிர்கள் வரும் வழியிலேயே உறிஞ்சப்பட்டிருந்தன. எந்தப் பொருள் எந்தக் கதிரை உறிஞ்சுகிறது என்று பார்த்தால் பொருளை அடையாளங் காணலாம் என்பது மெல்லமெல்ல விளங்கியது. அமெரிக்க அறிஞர் கோப்ளன்ஸ் 1905-இல் பல பொருள்களின் உறிஞ்சலை அளந்து வெளியிட்டார்.

அணுக்களை இணைக்கும் பிணைப்புகள் வீணையின் தந்திகளைப் போல அதிர்வன. ஒவ்வொன்றும் தனக்குரிய அதிர்வெண்ணில் வரும் கதிரையே ஏற்கும். தசைநாணில் நீரை நீக்கினால் எஞ்சுவதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரதம். மூன்று இழைகள் கயிறாக முறுக்கிய வடிவம் அதற்கு உண்டு. கங்காருவின் வால்நாணிலிருந்து எடுத்த கொலாஜனை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து, அவ்வடிவத்தை 1954-ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னையில் வெளிப்படுத்தியவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். அப்புரதத்திற் கரியணுவும் ஆக்சிஜன் அணுவும் இணைந்த பிணைப்பு நொடிக்கு ஏறத்தாழ 50 இலட்சம் கோடி முறை அதிரும். அது அகச்சிவப்பு ஒளியின் அதிர்வெண். அம்முறுக்கில் இப்பிணைப்புகள் பெரும்பாலும் கயிற்றின் நீளத்திற்குக் குறுக்காக நிற்கின்றன. ஆகையால் ஒரே திசையில் அதிருமாறு வடிகட்டிய அகச்சிவப்பு ஒளியை நாணின்மீது செலுத்தினால், குறுக்கே அதிரும் ஒளி மிகுதியாகவும் நீளவாக்கில் அதிரும் ஒளி குறைவாகவும் உறிஞ்சப்படும். நல்ல நாணில் இவ்வேறுபாடு தெளிவாக இருக்கும். அறுந்து வடுவாக ஒட்டிய இடத்தில் இழைகள் சிக்குண்டு கிடத்தலின், வேறுபாடு குன்றிவிடும். சாயம் எதுவும் தோய்க்காமலே இதனை அறியலாம்.

இதில் ஓர் இடர்ப்பாடும் உண்டு. உயிருள்ள நாணில் பாதிக்கு மேல் நீர். நீரோ இக்கதிரை மிகுதியாக விழுங்கும். அதனால் நாணை ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு கூறு அளவு மெல்லிதாகச் சீவி, உலர்த்தியே நோக்குகின்றனர். சிவப்பை அடுத்து நிற்கும் அண்மை அகச்சிவப்புக் கதிர், அதாவது ஹெர்செலின் வெப்பமானி உணர்ந்த பகுதி, நீரை ஓரளவு கடந்து தசைநாருக்குள் சில மில்லிமீட்டர் ஆழம் செல்லவல்லது. முழங்காலில் சிறு துளையிட்டு உள்ளே நோக்கும் மருத்துவக் குழாயுடன் மெல்லிய கண்ணாடி இழையைச் சேர்த்து, அவ்வொளியை உட்செலுத்தி, மீண்டுவரும் கதிரைக்கொண்டு தசைநாரையும் குருத்தெலும்பையும் வெட்டாமலே சோதிக்கும் முறையை அறிஞர் இப்போது ஆய்ந்து வருகின்றனர்.